ஆர்-ஸ்கொயர் 0.99 என்கிற பம்மாத்து

எந்தக் கல்லூரி லேபுக்குள் எட்டிப் பார்த்தாலும் இந்த வேலை நடந்துகொண்டிருக்கும். பத்துப் புள்ளிகளை எக்ஸெல்லில் போடு. 'ட்ரெண்ட்லைன்' என்பதைத் தட்டு. இருக்கிற வகைகளில் எது புள்ளிகளுக்குப் பக்கத்தில் போகிறதோ அதை வைத்துக்கொள். ஓரத்தில் ஆர்-ஸ்கொயர் 0.99 என்று வந்துவிட்டதா? முடிந்தது ஜோலி. "ஆகவே இவ்வளர்ச்சி எக்ஸ்பொனென்ஷியல் என நிரூபிக்கப்பட்டது" என்று ரெக்கார்டு நோட்டில் எழுதி, சிவப்பு மையில் ஒரு டிக் வாங்கிவிடலாம்.

என்ன நிரூபணம் ஆயிற்று? பத்துப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் ஒரு கோடு போக முடியும் என்பது மட்டும்தான். அந்தக் கோடு ஏன் அப்படிப் போகிறது, பதினோராவது புள்ளியில் எங்கே போகும், புள்ளியே சரியாக அளந்ததுதானா... எதுவும் நிரூபணம் ஆகவில்லை. இது மாணவர்களின் சோம்பேறித்தனம் மட்டும் என்று நினைத்தால் தவறு. பெரிய பெரிய ஆட்கள், பெரிய பெரிய பத்திரிகைகளில், பெரிய பெரிய அரசாங்கங்களுக்காக இதையே செய்திருக்கிறார்கள்.

வளர்ச்சி வேகம் என்பது தனியாக நிற்கக்கூடிய எண் அல்ல. எதை அளந்தது, எந்தக் கடிகாரத்தில் அளந்தது, எதோடு ஒப்பிட்டது, ஏன் வளர்கிறது என்கிற நான்கு கேள்விக்கும் பதில் இருந்தால்தான் அந்த எண்ணுக்கு மரியாதை. இல்லையென்றால் அது கிளி ஜோசியம். கிளிக்குப் பதில் கம்ப்யூட்டர் சீட்டு எடுக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இருபது நிமிடப் புராணம்

ஈ.கோலை பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். பிளஸ் டூ உயிரியல் படித்த எல்லோருக்கும் இது வேதவாக்கு. சரி, கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 48 மணி நேரத்தில் 144 முறை இரட்டிப்பு. ஒரு பாக்டீரியாவின் எடை சுமார் ஒரு பிகோகிராம், அதாவது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. ஒன்றே ஒன்றில் ஆரம்பித்தாலும் இரண்டு நாள் முடிவில் வருகிற மொத்த எடை, பூமியின் எடையைப் போல மூவாயிரம் மடங்குக்கும் மேல்!

பூமி இன்னும் இருக்கிறது. ஆகவே 20 நிமிடம் என்பது பாக்டீரியாவின் குணம் அல்ல. 37 டிகிரி வெப்பம், சத்தான குழம்பு, நல்ல காற்று எல்லாம் இருக்கும் குடுவையில், சில மணி நேரத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் எண் அது. அதே ஈ.கோலையை வெறும் குளுக்கோஸும் கொஞ்சம் உப்புகளும் உள்ள நீரில் விட்டால் இரட்டிக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். பிரெஞ்சு விஞ்ஞானி ழாக் மோனோ 1940களிலேயே இதை அளந்து காட்டிவிட்டார். உணவின் அடர்த்தி ஏற ஏற வேகம் ஏறும், ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாது. அவருடைய சமன்பாட்டில் வேகம் என்பது மாறிலியே அல்ல, சூழலைப் பொறுத்து மாறுவது. பாடப்புத்தகங்கள் சமன்பாட்டை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டன.

அளவிடும் விதத்தில் இன்னொரு கூத்து. லேபில் யாரும் பாக்டீரியாவை ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. குழம்பு எவ்வளவு கலங்கலாக இருக்கிறது என்று 600 நானோமீட்டர் ஒளியை விட்டுப் பார்க்கிறார்கள். உயிருள்ளதும் ஒளியைச் சிதறடிக்கும், செத்ததும் சிதறடிக்கும். கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். சத்தான குழம்பில் வளரும் செல்கள் உருவத்திலும் பெரியவை, ஆகவே அதே எண்ணிக்கைக்கு அதிகக் கலங்கல். குழம்பு மிகவும் அடர்த்தியானால் சிதறிய ஒளி மறுபடி சிதறி, கருவி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். கிராஃபின் மேல்பகுதி வளைந்து படுக்கிறதே, அங்கே களைத்துப்போனது பாக்டீரியாவா, கருவியா? குழம்பை நீர்த்துப்போகச் செய்து மறுபடி அளந்தால்தான் தெரியும். ட்ரெண்ட்லைனைக் கேட்டால் தெரியாது.

எஸ் வளைவின் மயக்கம்

எக்ஸ்பொனென்ஷியல் ஓயாது என்று நினைப்பவர்கள் ஒரு பக்கம். அது எப்படி ஓயும் என்றும் தங்களுக்குத் தெரியும் என்கிற கோஷ்டி இன்னொரு பக்கம். பெல்ஜியத்தின் வெர்ஹுல்ஸ்ட் 1838-ல் லாஜிஸ்டிக் வளைவை எழுதினார். முதலில் வேகம், பிறகு நிதானம், கடைசியில் ஒரு கூரை. பார்க்க சாய்த்து எழுதிய ஆங்கில எஸ் மாதிரி இருக்கும். அவர் எழுதியதை உலகம் மறந்தே போனது.

1920-ல் அமெரிக்காவில் ரேமண்ட் பேர்ல், லோவல் ரீட் இருவரும் அதே வளைவைத் தாங்களாகவே கண்டெடுத்து, 1790 முதல் 1910 வரையான அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் பொருத்தினார்கள். அற்புதமாகப் பொருந்தியது. அமெரிக்க மக்கள்தொகையின் கூரை சுமார் 19 கோடியே 70 லட்சம் என்று வளைவு சொன்னது. 1930 கணக்கெடுப்பும் அதை ஒட்டியே வந்தது. பேர்ல் அதை ஓர் இயற்கை விதி என்றே நம்பி, ஈக்கள், ஈஸ்ட், நாடுகள் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் பொருத்தினார்.

பிறகு? போருக்குப் பிந்தைய குழந்தைப் பெருக்கம் வந்தது, குடியேற்றம் வந்தது. 1967-லேயே அமெரிக்கா 20 கோடியைத் தாண்டியது. 2020 கணக்கெடுப்பில் 33 கோடி. கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது!

இதில் சுவாரசியம் என்னவென்றால், 1940-லேயே கணித மேதை வில்லியம் ஃபெல்லர் எச்சரித்துவிட்டார். லாஜிஸ்டிக் பொருந்துகிறது என்று காட்டிய அதே உயிரியல் தகவல்களுக்கு, அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறு எஸ் வளைவுகளும் அதே அளவு நன்றாகப் பொருந்தும் என்று காட்டினார். எல்லாச் சாவியும் திறக்கிற பூட்டு ஒன்று இருந்தால், ஒரு சாவி அதைத் திறந்ததை வைத்து "இதுதான் அசல் சாவி" என்று சொல்ல முடியுமா?

1960-ல் ஹைன்ஸ் வான் ஃபோர்ஸ்டரும் இரண்டு சகாக்களும் 'சயன்ஸ்' இதழில் இன்னொரு வளைவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு உலக மக்கள்தொகைக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. அதன்படி 2026 நவம்பர் 13, வெள்ளிக்கிழமை அன்று மக்கள்தொகை முடிவிலியைத் தொடும்! கொஞ்சம் விளையாட்டு கலந்து எழுதிய கட்டுரைதான். ஆனால் பொருத்தம் விளையாட்டு இல்லை, நிஜமாகவே நன்றாக இருந்தது. அந்தச் சூத்திரம் 2022 நவம்பருக்குக் கொடுக்கும் தொகை சுமார் 4,500 கோடி. ஐ.நா. கணக்கில் உலகம் அந்த மாதம் தொட்டது 800 கோடி. 1960களிலேயே வளர்ச்சி வீதம் உச்சம் தொட்டு இறங்க ஆரம்பித்துவிட்டது. பெண்கள் படித்தார்கள், கருத்தடை வந்தது, குழந்தைகள் சாவது குறைந்தது. இதில் எதுவும் சூத்திரத்துக்குள் இல்லை. இரண்டாயிரம் ஆண்டுப் புள்ளிகளும் சேர்ந்து அடுத்த அறுபது ஆண்டைச் சொல்ல முடியவில்லை.

பழைய கதை என்று ஒதுக்கவும் வழியில்லை. 2020 மே 5 அன்று அமெரிக்க அதிபரின் பொருளாதார ஆலோசகர் குழு கொரோனா மரணங்களுக்கு ஒரு கிராஃப் வெளியிட்டது. அதில் ஒரு கோடு, எக்ஸெல்லில் எவரும் போடக்கூடிய முப்படிச் சமன்பாட்டுப் பொருத்தம். மே மாத நடுவிலேயே மரணங்கள் கிட்டத்தட்ட பூஜ்யம் என்று அது இறங்கியது. மே மாதம் முடிவதற்குள் அமெரிக்காவின் மொத்த மரணங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டின. தொற்று எப்படிப் பரவுகிறது என்பதற்கும் முப்படிச் சமன்பாட்டுக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது.

எந்தக் கடிகாரம்?

வேகம் என்றால் கீழே ஒரு வகுஎண் இருக்கும். பெரும்பாலும் அதை யாரும் கவனிப்பதில்லை. கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலோகவியலில் ஒரு பயங்கரமான உதாரணம் உண்டு.

உலோகத்தில் களைப்பு விரிசல் வளர்வது மணிக்கணக்கில் அல்ல, சுற்றுக்கணக்கில். விமானம் ஒவ்வொரு முறை மேலே போகும்போதும் உள்ளே காற்றழுத்தம் ஏறி உடல் உப்புகிறது, இறங்கும்போது சுருங்குகிறது. ஒரு பயணம், ஒரு சுற்று. பால் பாரிஸ் 1960களின் தொடக்கத்தில் சகாக்களோடு கண்டுபிடித்த விதியும் 'ஒரு சுற்றுக்கு எவ்வளவு விரிசல்' என்றுதான் பேசுகிறது.

1988 ஏப்ரல் 28. ஹவாய் தீவுகளுக்கு இடையே பறந்த அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 விமானம், 24,000 அடி உயரத்தில் முன்பகுதிக் கூரையை இழந்தது. பணிப்பெண் ஒருவர் வெளியே வீசப்பட்டு இறந்தார். விமானம் எப்படியோ தரையிறங்கியதால் மற்ற 94 பேர் பிழைத்தார்கள். அந்த விமானம் பறந்திருந்தது 35,496 மணி நேரம். அந்த ரகத்துக்குத் திட்டமிட்ட ஆயுள் 51,000 மணி நேரம். மணிக்கணக்கில் பார்த்தால் நடுத்தர வயது. ஆனால் தீவு விட்டுத் தீவு தாவும் குட்டிப் பயணங்கள் என்பதால் சுற்றுகள் 89,680. திட்டமிட்டதோ 75,000. ஒரு கடிகாரத்தில் இளசு, இன்னொரு கடிகாரத்தில் கிழம்.

அத்தோடு முடியவில்லை. கடல் உப்புக் காற்று இணைப்புகளை அரித்திருந்தது. ரிவெட் துளைகள் ஒவ்வொன்றிலும் சின்னச் சின்ன விரிசல்கள் வளர்ந்து, ஒன்றோடு ஒன்று கைகோத்தன. தனி விரிசல் ஒன்றின் வேகத்தை எவ்வளவு துல்லியமாக அளந்திருந்தாலும், பல விரிசல்கள் சேர்கிற நொடியில் அந்த எண்ணுக்கு அர்த்தம் போய்விடுகிறது.

எதோடு ஒப்பிட்டு?

குழந்தை வளர்ச்சி அட்டையைப் பார்க்காத அம்மா கிடையாது. 1977-ல் அமெரிக்காவில் தயாரித்த அட்டையை உலக சுகாதார நிறுவனம் எல்லா நாட்டுக்கும் பொதுவாக்கியது. அதில் கைக்குழந்தைகளுக்கான பகுதி ஓஹியோ மாநிலத்தில் பெரும்பாலும் புட்டிப்பால் குடித்த குழந்தைகளை அளந்து வரைந்தது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் எடை ஏறும் தினுசே வேறு. முதல் மாதங்களில் நன்றாக ஏறி, பிறகு நிதானமாகும். அந்தக் குழந்தையைப் புட்டிப்பால் வளைவில் வைத்துப் பார்த்தால் மூன்று மாதத்துக்குப் பிறகு 'தேங்குகிறது' என்று தெரியும். நன்றாக இருக்கும் குழந்தையைப் பார்த்து "பால் பத்தலை, பவுடர் பால் கொடுங்க" என்று சொல்ல அட்டையே சாட்சி! சுத்தமான தண்ணீர் கிடைக்காத வீட்டில் அந்தப் புட்டி என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

1997 முதல் 2003 வரை இந்தியா, பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா என ஆறு நாடுகளில் தாய்ப்பால் குடித்த ஆரோக்கியமான குழந்தைகளை அளந்து, 2006-ல்தான் புது அட்டை வந்தது. குழந்தைகள் மாறவில்லை. எடை இயந்திரம் மாறவில்லை. ஒப்பிடும் கோடு மாறியது, 'தேங்கிய' குழந்தைகள் பலர் சரியான குழந்தைகள் ஆகிவிட்டார்கள்.

ஒரே எண், இரண்டு கதை

சூடான எஃகு ஆறும்போது உள்ளே புதுப் படிகங்கள் முளைத்துப் பரவும். எவ்வளவு பங்கு மாறியது என்று நேரத்துக்கு எதிராக வரைந்தால், மறுபடியும் அதே எஸ் வளைவு. இதற்கான சமன்பாட்டை 1937-ல் கொல்மகோரோவ் எழுதினார் (ஆமாம், நிகழ்தகவுக் கணிதத்தின் அதே கொல்மகோரோவ்). பிறகு ஜான்சன், மெஹ்ல், அவ்ராமி தனித்தனியாக அடைந்தார்கள். அதில் ஓர் அடுக்கு எண் உண்டு. தகவலைப் பொருத்தினால் அது 3 என்று வருகிறது என்று வைத்துக்கொண்டால், அர்த்தம் என்ன?

முளைகள் எல்லாம் ஆரம்பத்திலேயே இருந்து, முப்பரிமாணத்தில் வளர்ந்தாலும் 3 வரும். முளைகள் சீராகப் புதிது புதிதாகத் தோன்றி, தகடுபோல இருபரிமாணத்தில் வளர்ந்தாலும் 3 வரும். இரண்டும் வேறு வேறு உலோகம், வேறு வேறு உறுதி. எண் மட்டும் ஒன்று. எது உண்மை என்று தெரிய பாதியில் நிறுத்தி, வெட்டி, மெருகேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். ஆனாலும் அடுக்கு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு படிகத்தின் உருவத்தை ஊகிக்கும் கட்டுரைகளுக்குப் பஞ்சமே இல்லை.

சரியாகச் செய்வது எப்படி? அதற்கும் உதாரணம் உண்டு. 1965-ல் புரூஸ் டீல், ஆண்ட்ரூ குரோவ் (பின்னாளில் இன்டெல் தலைவரானவர்) இருவரும் சிலிக்கான் மேல் ஆக்சைடு படலம் வளர்வதை ஆராய்ந்தார்கள். படலம் மெலிதாக இருக்கும்போது வினை நடக்கும் வேகம்தான் தடை, ஆகவே நேர்கோடு. தடித்த பிறகு ஆக்சிஜன் படலத்தை ஊடுருவி உள்ளே போவதுதான் தடை, ஆகவே தடிமனின் வர்க்கம் நேரத்தோடு ஏறும். இத்தோடு நிறுத்தியிருந்தால் இதுவும் இன்னொரு பொருத்தம்தான். ஆனால் அவர்கள் வெப்பநிலையை மாற்றி மாற்றி அளந்தார்கள். இரண்டாம் கட்டத்தின் ஆற்றல் தடை, ஆக்சிஜன் சிலிக்காவுக்குள் ஊடுருவத் தேவைப்படும் ஆற்றலோடு ஒத்துப்போனது. அந்த ஆற்றல் வேறொரு சோதனையில், வேறொருவர் அளந்தது. உலர்ந்த ஆக்சிஜனில் முதல் சில பத்து நானோமீட்டர் வரை தங்கள் சமன்பாடு சரிவராது என்பதையும் மறைக்கவில்லை. எங்கே உடையும் என்று தானே சொல்கிற மாடல்! சிப் தொழிற்சாலைகள் பல பத்தாண்டுகள் அதை நம்பியது சும்மா இல்லை.

கணிதம் வைத்த குட்டு

"தகவல் குறைவாக இருந்ததால்தான் தப்பு நடந்தது, நிறைய இருந்தால் சரியாகிவிடும்" என்று ஒரு சமாதானம் எப்போதும் வரும். அதற்குக் கணிதம் நல்ல குட்டு வைத்திருக்கிறது.

பகா எண்கள் எவ்வளவு வேகமாகக் கூடுகின்றன என்பதற்கு காஸ் காலத்திலிருந்து ஒரு சூத்திரம் உண்டு. 10 லட்சம் வரை பகா எண்கள் 78,498. சூத்திரம் தருவது சுமார் 78,628. கொஞ்சம் அதிகம். இன்னும் மேலே போனாலும் கொஞ்சம் அதிகம்தான். 10-ன் 19-ஆம் அடுக்கு வரை சரிபார்த்தாகிவிட்டது, ஒரு இடத்தில்கூடச் சூத்திரம் உண்மைக்குக் கீழே போகவில்லை. கோடி கோடி சாட்சிகள்! எந்த நீதிமன்றமும் தீர்ப்பு எழுதிவிடும்.

ஆனால் 1914-லேயே லிட்டில்வுட் நிரூபித்துவிட்டார்: சூத்திரம் உண்மைக்குக் கீழே போகும், ஒருமுறை அல்ல, முடிவில்லாமல் பலமுறை. அது நடக்கக்கூடிய இடமாக 2000-ஆம் ஆண்டில் கணக்கிட்டுச் சொன்னது 10-ன் 316-ஆம் அடுக்குக்குப் பக்கத்தில். கண்ணுக்கு எட்டும் பிரபஞ்சத்தில் உள்ள அணுக்களே சுமார் 10-ன் 80-ஆம் அடுக்குதான் என்பதை நினைத்தால் தலை சுற்றும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். நல்ல பழமொழிதான். ஆனால் அந்தப் பானைக்கு மட்டும்தான் செல்லும், அடுத்த பானைக்கு அல்ல.

"அப்போ மாடலே போடக்கூடாதா?"

இந்தக் கேள்வி வராமல் இருக்காது. தாராளமாகப் போடலாம். நாளைக்கு எத்தனை படுக்கை வேண்டும் என்று மருத்துவமனைக்குச் சொல்ல, இன்றைய போக்கை இரண்டு நாள் நீட்டுவதில் தவறே இல்லை. அதை 'போக்கு' என்று சொல்ல வேண்டும், பிழை எல்லையோடு சொல்ல வேண்டும், 'விதி' என்று சொல்லக்கூடாது. அவ்வளவுதான் கோரிக்கை.

நேரடியாக அளக்க முடியாதபோது வேறு வழியில்லையே என்பார்கள் இன்னும் சிலர். மெக்சிகோவின் நைக்கா சுரங்கத்தில் 11 மீட்டர் நீள ஜிப்சம் படிகங்கள் இருக்கின்றன. அவை வளர்ந்த வேகத்தை யார் உட்கார்ந்து பார்ப்பது? ஸ்பெயின், ஜப்பான் விஞ்ஞானிகள் பார்த்தார்கள். அதே சுரங்கத்தின் தண்ணீரை எடுத்து, ஒளியின் குறுக்கீட்டை வைத்து அளக்கும் நுண்ணோக்கியின் கீழ், வெவ்வேறு வெப்பநிலைகளில் படிகம் வளர்வதை அளந்து 2011-ல் வெளியிட்டார்கள். 55 டிகிரியில் ஆண்டுக்கு அரை மைக்ரோமீட்டருக்கும் குறைவு. நூறு ஆண்டு வளர்ந்தாலும் ஒரு தலைமுடி தடிமன் தேறாது. ஒரு மீட்டர் தடிமனுக்கு சுமார் பத்து லட்சம் ஆண்டு. அதுவும் ஊகம் கலந்த கணக்குதான். ஆனால் எந்தத் தண்ணீர், எந்த வெப்பநிலை, எந்தக் கருவி என்பது அந்த எண்ணோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. சந்தேகப்படுகிறவர் எங்கே சந்தேகப்படலாம் என்று அதிலேயே வழி இருக்கிறது.

இன்று ஆயிரம் வளைவுகளை ஒரு நொடியில் பொருத்திப் பார்த்து, சிறந்ததை எடுத்துக் கையில் கொடுக்க மென்பொருள் இருக்கிறது. பொருத்துவது இத்தனை மலிவாகிவிட்ட காலத்தில், 'பொருந்துகிறது' என்பதற்கு மதிப்பும் அத்தனை மலிவுதான். இதற்கு மதிப்பெண் போடுவதை ஆசிரியர்கள் நிறுத்த வேண்டும். ஆர்-ஸ்கொயர் எவ்வளவு என்று கேட்கிற வைவாவில், "இந்தக் கோடு எங்கே உடையும்?" என்று ஒரே ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கட்டும். பதில் தெரியாதவருக்கு முழு மதிப்பெண் கொடுக்க வேண்டாம். ஏனென்றால் அதே மாணவர்தான் நாளைக்கு ஒரு குழந்தையின் அட்டையையோ, ஒரு விமானத்தின் விரிசலையோ பார்த்து 'எல்லாம் சரியாகத்தான் போகிறது' என்று கையெழுத்துப் போடப்போகிறார்.